செஞ்சிப் பாறைநிலத்தில் காந்த உணரி

செஞ்சி தாலுகாவின் வயல்களுக்கு அடியில் இருப்பது பாறையே என்பதை அங்குக் கிணறு தோண்டிய யாவரும் அறிவர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய கோட்டைக் குன்றுகளில் வெளிப்பட்டு நிற்கும் கருங்கல்லின் இனமே சமவெளியிலும் மண்ணுக்குக் கீழ்ப் பரவிக் கிடக்கிறது. இத்தகைய நிலத்தில், ஆற்றுப் படுகையிலுள்ள மணற்பாங்கான நிலத்திற்போல, எங்கே தோண்டினும் நீர் ஊறுவதில்லை. மேற்புறத்தில் உக்கிப்போன பாறையிலும், அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் மாத்திரமே நீர் தங்குகிறது. ஆதலால் ஒருவர் கிணறு சித்திரையிலும் வற்றாதிருக்க, வரப்புக்கு அப்பால் அடுத்தவர் இறக்கிய ஆழ்குழாய் வெறும் கல்தூளையே வெளித்தள்ளுவது உண்டு. ஓர் ஆழ்குழாய்க் கிணறு பொய்த்துப்போனால், அதற்காகச் செலவிட்ட பணம் பல போகத்து நிலக்கடலையின் லாபத்தை விழுங்கிவிடக்கூடும்.

பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் சிறு மின் உணரிகள் இப்போது சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. பொறியியல் பயிலும் கிராமத்துப் பிள்ளைகள் அவற்றை வாங்கி, சி என்னும் கணினி மொழியில் கட்டளை எழுதி இயக்குகின்றனர். கைப்பேசிக்குள்ளும் இத்தகைய உணரி ஒன்று இருக்கிறது. இவற்றைக் கொண்டு கிணற்றுக்கு இடம் பார்க்கலாமா என்னும் கேள்வி விவசாயிகளுக்கு எழுவது இயல்பே. இதற்குரிய விடை இரண்டு பகுதிகளை உடையது. முதலாவது, கட்டளை சரியாக எழுதப்பட்டு, கருவி பரீட்சிக்கப்பட்டாலன்றி அது காட்டும் எண்ணை நம்பலாகாது. இரண்டாவது, எண் மெய்யானதாயினும் அது பாறையைப் பற்றிப் பேசுமேயன்றி நீரைப் பற்றிப் பேசாது. இவ்விரண்டையும் கீழே விளக்குவோம்.

பாறைச் சுவர்களும் நிலத்தடி நீரும்

பழைய பாறையில் உண்டான நீண்ட பிளவுகளின் வழியே, பல கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய பாறைக் குழம்பு மேலேறி உறைந்து, சுவர்போல் நிற்பதுண்டு. இப்பாறைக்கு டாலரைட் என்று பெயர். வட தமிழ்நாட்டின் கற்பாறைப் பிரதேசத்தில் இத்தகைய சுவர்கள் பல காணப்படுகின்றன. வணிகத்தில் கறுப்புக் கிரானைட் என வழங்குவது பெரும்பாலும் இவ்வினத்தைச் சேர்ந்த கல்லேயாம். இச்சுவர்களின் அகலம் சில அடிகள் முதல் பல கெஜங்கள் வரை இருக்கும்; நீளமோ மைல் கணக்கிலும் செல்லும்.

வெடிப்பில்லாத டாலரைட் சுவர் நிலத்தடி நீருக்கு ஓர் அணையாகும். நீரோட்டத்திற்குக் குறுக்கே அது நிற்குமாயின், மேட்டுப்புறத்தில் நீர் தேங்க, பள்ளப்புறத்தில் நீர் குறையும். சுவரும் பழைய பாறையும் சந்திக்கும் ஓரத்தில் வெடிப்புகள் இருந்தால் அங்கு நீர் கிடைத்தலும் உண்டு. ஆனால் கெட்டியான சுவரின் நடுவிலேயே துளையிட்டவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். எனவே மண்ணால் மூடப்பட்ட சுவர் எங்கே செல்கிறது என்று அறிவது பெரும் பிரயோஜனமுடையது. டாலரைட்டில் மாக்னடைட் என்னும் இரும்புக் கனிமம் கலந்திருப்பதால், அதன் அருகே பூமியின் காந்தப்புலம் சற்று வேறுபடும். அவ்வேறுபாட்டைக் காண்பதே இவ்வுணரியின் வேலை.

செஞ்சியில் காந்தப்புலத்தின் நிலை

காந்தப்புலத்தை காஸ் என்னும் அலகாலும், நானோடெஸ்லா என்னும் சிறிய அலகாலும் குறிப்பர். 1 காஸ் என்பது 1,00,000 நானோடெஸ்லா. செஞ்சிப் பகுதியில் பூமியின் புலம் சுமார் 0.4 காஸ், அதாவது சுமார் 40,000 நானோடெஸ்லா அளவினது. டாலரைட் சுவரால் உண்டாகும் வேறுபாடு சில நூறு நானோடெஸ்லா முதல் ஆயிரத்துக்கு மேலும் இருக்கலாம். எனவே, நாம் தேடுவது மொத்தப் புலத்தில் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுள்ள மாற்றமே என்பதை மனத்தில் இருத்த வேண்டும்.

பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை அடுத்துச் செல்கிறது. அதனால் நம் பகுதியில் காந்தப்புலம் பெரும்பாலும் கிடைமட்டமாக வடக்கு நோக்கியே இருக்கிறது. கீழ்நோக்கிய சாய்வு மிகச் சிறிது. இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. ஐரோப்பிய நூல்களில் காந்தப் பாறையின் மேல் அளவு உயரும் என்று எழுதியிருப்பர். புலம் செங்குத்தாகச் சாயும் அந்நாடுகளுக்கு அது பொருந்தும். நம்மிடத்திலோ கிழக்கு மேற்காகச் செல்லும் சுவரின் மேல் அளவு குறைவதே இயல்பு. வடக்கு தெற்காகச் செல்லும் சுவர் ஏறக்குறைய மாற்றமே காட்டாமலும் போகலாம். இதற்குமேல், பாறை உறைந்த காலத்தில் ஏற்றுக்கொண்ட நிலைக்காந்தமும் இவ்வளவுகளை மாற்றக்கூடும். ஆகையால் உயர்வை மாத்திரம் தேடாமல், உயர்வு தாழ்வு ஆகிய இரண்டையும் கவனிக்க வேண்டும். மாற்றம் காணப்படாத இடத்தில் சுவரே இல்லையென்றும் தீர்மானிக்கலாகாது.

உணரியின் அமைப்பு

பழகுநர் பெரும்பாலும் கையாளும் உணரி, ஹனிவெல் நிறுவனம் உருவாக்கிய எச்.எம்.சி. 5883எல் என்பதாகும். நிக்கலும் இரும்பும் கலந்த மெல்லிய படலத்தின் மின்தடை, காந்தப்புலத்தால் மாறுகிறது என்னும் இயல்பே இதற்கு ஆதாரம். இவ்வியல்பை ஸ்காட்லாந்தில் வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், 1850களில் கண்டறிந்தார். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் மூன்று படலத் தொகுதிகள் அமைந்துள்ளன. அவற்றை எக்ஸ், ஒய், இசட் என்பர்.

அந்நிறுவனம் இவ்வுணரியின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதே பெயர் அச்சிட்ட பலகைகளில் க்யூ.எம்.சி. 5883எல் என்னும் வேறோர் உணரி பொருத்தப்பட்டுக் கடைகளில் விற்கப்படுகிறது. இரண்டும் நல்லவையே, ஆனால் ஒன்றுக்கு எழுதிய கட்டளை மற்றொன்றுக்குச் செல்லாது. வாங்கிய பலகை எது என்பதை முதலில் அறிதல் அவசியம்.

கட்டளை எழுதும் கிரமம்

சி மொழியை அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கினார். சிறு கணிப்பொறிகளை இயக்க இன்றும் இதுவே பெரிதும் பயன்படுகிறது. ஆர்டுயினோ, இ.எஸ்.பி. 32 முதலிய பலகைகளில் ஒன்றை உணரியோடு இரண்டு செய்திக் கம்பிகளாலும் இரண்டு மின்கம்பிகளாலும் இணைப்பர். செய்திக் கம்பிகளில் ஒன்று நேரத் துடிப்பையும், மற்றொன்று எண்களையும் கொண்டு செல்லும்.

இவ்விணைப்பில் ஒவ்வோர் உணரிக்கும் வீட்டிலக்கம்போல் ஒரு விலாச எண் உண்டு. எச்.எம்.சி. உணரியின் விலாசம் 30, க்யூ.எம்.சி. உணரியின் விலாசம் 13. உணரிக்குள் ரிஜிஸ்டர் எனப்படும் சிறு அறைகள் இருக்கின்றன. எச்.எம்.சி. உணரியை இயக்கும் கட்டளையின் வரிசை பின்வருமாறு:

1. விலாசம் 30க்கு அழைப்பு விடுத்து, 10, 11, 12ஆம் அறைகளைப் படிக்கவும். அங்கு முறையே 72, 52, 51 என்னும் எண்கள் இருக்க வேண்டும். இல்லையேல் அது வேறு உணரி. மேலே செல்லாமல் நிறுத்திவிட வேண்டும்.

2. 0ஆம் அறையில் 112 என்னும் எண்ணை எழுதவும். எட்டு அளவுகளின் சராசரியை, வினாடிக்குப் பதினைந்து தடவை தருமாறு இது பணிக்கும்.

3. 1ஆம் அறையில் 32 எழுதவும். இதனால் 1 காஸ் புலம் 1090 என்னும் எண்ணாகக் கிடைக்கும். அதாவது, ஓர் எண்ணின் மதிப்பு ஏறக்குறைய 92 நானோடெஸ்லா.

4. 2ஆம் அறையில் 0 எழுதவும். உணரி இடைவிடாமல் அளக்கத் தொடங்கும்.

5. 3 முதல் 8 வரையுள்ள ஆறு அறைகளைப் படிக்கவும். ஒவ்வொரு திசைக்கும் இரண்டு அறைகள். முதலில் உயர்பகுதி, பின்னர் தாழ்பகுதி. உயர்பகுதியை 256ஆல் பெருக்கி, தாழ்பகுதியைக் கூட்ட அளவு கிடைக்கும்.

6. ஏதேனும் ஒரு திசையில் −4096 என வந்தால், புலம் உணரியின் எல்லையைக் கடந்தது என்பது பொருள். அவ்வளவைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிட வேண்டும்.

கட்டளையில் நேரும் பிழைகள்

கட்டளையில் பிழை இருந்தால் பல சமயங்களில் கருவி நின்றுவிடுவதில்லை. பொய்யான எண்ணைத் தயங்காமல் காட்டிக்கொண்டேயிருக்கும். அப்பிழைகளில் அடிக்கடி நேர்பவை ஐந்து.

முதலாவது, உணரி மாறிய பிழை. 30ஆம் விலாசத்தில் உணரியே இல்லாதபோது, விடை வந்ததா என்று சோதிக்காத ஆர்டுயினோக் கட்டளை மூன்று திசைக்கும் −1 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, வரிசைப் பிழை. எச்.எம்.சி. உணரி எக்ஸ், இசட், ஒய் என்னும் வரிசையில் எண்களைத் தருகிறது. இதை மறந்து எக்ஸ், ஒய், இசட் என்று படித்தால், மொத்தப் புலத்தின் அளவு மாறாது; ஆனால் திசை பொய்த்துவிடும். மொத்த அளவு சரியாயிருப்பதாலேயே இப்பிழை நெடுநாள் மறைந்திருக்கும். க்யூ.எம்.சி. உணரியோ 0ஆம் அறையிலிருந்து எக்ஸ், ஒய், இசட் என்னும் நேர்வரிசையிலும், தாழ்பகுதியை முன்னும் உயர்பகுதியைப் பின்னுமாக வைத்தும் தருகிறது.

மூன்றாவது, குறிப் பிழை. வடக்கு நோக்கிய எக்ஸ் திசை செஞ்சியில் சுமார் 440 காட்டினால், அதைத் தெற்கு நோக்கித் திருப்பும்போது சுமார் −440 காட்ட வேண்டும். உணரி தருவது பதினாறு பிட் கொண்ட, குறியுள்ள முழு எண். ஆர்டுயினோ ஊனோ பலகையில் சி மொழியின் சாதாரண முழு எண்ணும் பதினாறு பிட்டே ஆதலால் அங்குக் குறி தானாகவே அமைந்துவிடும். இ.எஸ்.பி. 32 பலகையில் முழு எண் முப்பத்திரண்டு பிட். அதே கட்டளையை அங்கே மாற்றாமல் இட்டால், −440க்குப் பதிலாக 65096 என்று வரும். எண்ணின் வகையைப் பதினாறு பிட் குறியுள்ள எண் என வெளிப்படையாகக் குறித்தல் இதற்குப் பரிகாரம்.

நான்காவது, நிரம்பி வழிதல். மொத்தப் புலம் காண மூன்று அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் காண வேண்டும். 440இன் வர்க்கம் 1,93,600. பதினாறு பிட் எண்ணோ 32,767க்கு மேல் கொள்ளாது. மரக்காலில் மூட்டை நெல்லைக் கொட்டியதுபோல் அது வழிந்து, பெரும்பாலும் −3008 என்று நிற்கும். நூறு அளவுகளைக் கூட்டும்போதும் இதே பிழை நேரும். கணக்கிடும் முன்பே எண்ணை முப்பத்திரண்டு பிட் வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, வகுத்தற் பிழை. சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் கைவிடப்படும். 440ஐ 1090ஆல் வகுத்தால் 0.40 அன்று, 0 என்றே விடை வரும். தசம எண்ணாக மாற்றிய பின்னரே வகுக்க வேண்டும்.

திருப்பிப் பார்க்கும் பரீட்சை

கட்டளையை வாசிக்கத் தெரியாதவரும் கருவியைப் பரீட்சிக்கலாம். இரும்பு இல்லாத திறந்த வெளியில், ஒரே இடத்தில் ஒரே உயரத்தில் உணரியை வைத்து, எட்டுத் திசைகளுக்கும் மெல்லத் திருப்பி, மொத்தப் புலத்தை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ள வேண்டும். இடம் மாறாததால் புலமும் மாறவில்லை. ஆகையால் எட்டு அளவுகளும் ஒன்றாயிருக்க வேண்டும். முதன்முறை அவை ஆயிரக்கணக்கான நானோடெஸ்லா வேறுபட்டாலும் வியப்பில்லை. பலகையிலுள்ள இரும்புத் துண்டுகளும் உணரியின் இயற்கைக் குறைகளும் அதற்குக் காரணம்.

இதைத் திருத்த, உணரியை எல்லாப் பக்கமும் உருட்டித் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் காணும் மிகப்பெரிய எண்ணையும் மிகச்சிறிய எண்ணையும் கட்டளை நினைவில் கொள்ளுமாறு செய்ய வேண்டும். அவ்விரண்டின் கூட்டுத்தொகையில் பாதியை, அத்திசையின் ஒவ்வோர் அளவிலிருந்தும் கழிக்க வேண்டும். மூன்று திசைகளின் வீச்சும் சமமாயில்லையேல், அதையும் விகிதத்தால் சமன் செய்தல் வேண்டும்; நூற்றுக்கு ஒன்று வித்தியாசப்பட்டாலும் அது சுமார் 400 நானோடெஸ்லாப் பிழையைத் தரும்.

திருத்திய பின் மறுபடியும் எட்டுத் திசைகளில் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போதும் எஞ்சி நிற்கும் வேறுபாடே அக்கருவியின் சொந்தப் பிழை. வயலில் காணும் மாற்றம் இதைப்போல் மும்மடங்கேனும் இருந்தாலன்றி அதைப் பாறையின் மாற்றமாகக் கொள்ளலாகாது. இப்பரீட்சையைச் செய்து காட்டாமல், கைப்பேசியிலோ வேறு கருவியிலோ எண்ணைக் காட்டி இடம் குறிப்போரின் சொல்லுக்குப் பணம் செலவிடுவது விவேகமன்று.

வயலில் அளக்கும் முறை

காந்தக் கருவிக்கு இரும்பும் மின்னோட்டமும் எவ்வளவு பெரிய இடையூறு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பம்பாய்க் கொலாபாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்துவந்த காந்த ஆய்வுநிலையம், அந்நகரில் டிராம் வண்டிகள் மின்சாரத்தால் ஓடத் தொடங்கும் தறுவாயில், கடலுக்கு அப்பாலுள்ள அலிபாகுக்கு மாற்றப்பட்டது. 1904 முதல் அங்கு அளவுகள் எடுக்கப்பட்டன. நகரத்து டிராமுக்கு நிலையமே இடம் பெயர்ந்ததாயின், பம்புசெட்டின் அருகே நின்று அளப்பதில் பொருளில்லை என்பது விளங்கும்.

ஆகவே மோட்டார், இரும்புக் குழாய், முள்வேலி, மின்கம்பம் இவற்றிலிருந்து விலகி நிற்க வேண்டும். அளப்பவர் கைப்பேசி, சாவி, கத்தி, கைக்கடிகாரம் ஆகியவற்றைத் தூரத்தில் வைத்துவிட வேண்டும். மின்கலத்தின் உறையும் இரும்பாதலால், உணரியை மூங்கில் கழியின் மேல்நுனியிலும் மின்கலத்தை ஏறத்தாழ ஒரு கெஜம் கீழேயும் கட்டுவது நலம். கழியில் உணரியைப் பித்தளைத் திருகாலோ நூலாலோ பிணைக்கலாம்.

கோட்டைப் பெரும்பாலும் வடக்கு தெற்காக அமைத்து, ஐந்து மீட்டருக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு முளையிலும் உணரியை ஒரே திசை நோக்கி நிறுத்தி நூறு அளவுகள் எடுத்துச் சராசரி காண வேண்டும். எச்.எம்.சி. உணரியின் அளவில் தாறுமாறான நடுக்கம் சுமார் 200 நானோடெஸ்லா உண்டு. நூறு அளவுகளின் சராசரியில் அது பத்தில் ஒரு பங்காகக் குறையும். இதற்கு ஏழெட்டு வினாடிகளே ஆகும். சூரியனின் செயலால் பகற்பொழுதில் புலம் சில பத்து நானோடெஸ்லா ஏறி இறங்கும். வெயிலின் வெப்பத்தால் உணரியின் அளவும் மாறும். எனவே அரை மணிக்கொருமுறை தொடக்க முளைக்குத் திரும்பி அளந்து, வேறுபாட்டைக் கழித்துக்கொள்ள வேண்டும். முழுக் கோட்டையும் எதிர்த்திசையில் மறுமுறை நடந்து அளந்து, இரண்டும் ஒத்திருந்தால் மாத்திரம் ஏற்கலாம்.

அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதுவதோடு நில்லாமல், கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள புலப்படத்தின் நகலில் குறித்தல் வேண்டும். பாறைச் சுவர் பட்டா எல்லையை அறியாது. பல சர்வே எண்களைக் கடந்து நேராகச் செல்லும். ஒருவர் நிலத்தில் ஓரிடத்தில் கண்ட மாற்றம் தற்செயலாக இருக்கலாம். மூன்று நான்கு பேர் நிலங்களில் ஒரே நேர்கோட்டில் காணப்பட்டால், அது மண்ணில் புதைந்த பழைய இரும்பன்று, பாறைச் சுவரே என நம்ப இடமுண்டு. அருகிலுள்ள கிணறுகளின் ஆழம், நீர்மட்டம், பொய்த்த துளைகள் ஆகியவற்றையும் அதே படத்தில் குறித்தால், சுவரின் எப்புறம் நீர் தேங்குகிறது என்பது தெளிவாகும். இவ்வேலை ஒருவரால் தனித்து ஆவதன்று. கிராமம் கூடிச் செய்ய வேண்டுவது.

எண்ணின் எல்லை

மேற்கூறிய யாவும் சரியாகச் செய்யப்பட்டாலும், நீர் காந்தப்புலத்தை மாற்றுவதாகக் கொள்ள இயலாது என்பதை விவசாயிகள் மறக்கலாகாது. நிறைந்த கிணற்றின் மேலும் வற்றிய கிணற்றின் மேலும் இவ்வுணரி ஒரே அளவையே காட்டும். பாறைச் சுவர் இருக்கக்கூடிய இடத்தை மாத்திரம் அது சொல்லும். அதனால் கிடைக்கும் லாபம், துளையிடத் தகாத இடங்கள் சிலவற்றை முன்கூட்டியே விலக்குவதும், மேலும் ஆராயத்தக்க ஓரத்தைக் குறிப்பதுமேயாம். புவியியல் ஆய்வாளர் கையாளும் புரோட்டான் காந்தமானி 1 நானோடெஸ்லா மாற்றத்தையும் காட்டவல்லது. சொற்ப விலை உணரி அதற்கு ஈடாகாது.

நீருக்கு அடையாளம் காண, நிலத்தில் மின்சாரம் செலுத்தி அதன் தடையை அளக்கும் முறையே தக்கது. தமிழ்நாட்டின் வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளின் நிலங்களில் கட்டணம் பெற்று இவ்வாய்வைச் செய்து தருகிறது. காந்த அளவு குறித்த புலப்படத்தை அத்துறையின் அலுவலரிடம் காட்டினால், எங்கு மின்தடை ஆய்வு செய்வது என்று தீர்மானிக்க அஃது உதவும்.

ஆகவே நிலமுடையோர் தம் பிள்ளைகள் இக்கருவியைச் செய்ய முன்வந்தால் ஊக்கப்படுத்துவாராக. ஆனால் எண்ணை நம்பும் முன் எட்டுத் திசைகளிலும் திருப்பிக் காட்டச் சொல்வாராக. துளைபோடும் வண்டியை அழைக்கும் முன் மின்தடை ஆய்வையும் முடித்துக்கொள்வாராக. ஒரு நாள் பரீட்சையால், பொய்த்த துளைக்குப் போகும் பணம் நிலத்திலேயே தங்கக்கூடும்.